கல்லூரி மாறும் கூடைப்பந்து வீரரைப் பயிற்சியாளர் தடுக்க முடியுமா?

அமெரிக்காவில் 2018 அக்டோபர் வரை ஓரளவு தடுக்க முடிந்தது. விலகும் வீரர் எந்தெந்தக் கல்லூரிகளோடு பேசக்கூடாது என்று பழைய கல்லூரியே பட்டியல் போடலாம் என்று இருந்தது. அங்கே கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் அமைப்பான என்.சி.ஏ.ஏ.வின் விதி அதற்கு இடம் கொடுத்தது.

பெயர்போன சண்டை 2012இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் நடந்தது. அந்த அணி வீரர் ஜாரட் உட்டாஃப் விலகக் கேட்டதும் இருபதுக்கும் மேற்பட்ட கல்லூரிகளுக்குத் தடை. பயிற்சியாளர் போ ரயன் வானொலியில் வந்து நியாயம் பேசப்போய், கண்டனம்தான் கூடியது. கடைசியில் ‘பிக் டென்’ என்ற தங்கள் சொந்தப் போட்டிக் குழுவுக்கு மட்டும் தடையைச் சுருக்கினார்கள்.

காரணம் பயம்தான். அணியின் ஆட்ட உத்திகளை அறிந்த பையன் நாளைக்கு எதிரணியில் நிற்பான்; போட்டிக் கல்லூரிகள் ஆள் பிடிக்கவும் தொடங்கிவிடும். (பயிற்சியாளர்கள் மட்டும் கூடுதல் சம்பளத்துக்குத் தாராளமாக இடம் மாறினார்கள்!) ‘பக்கத்துத் தெருப் பள்ளியில் சேர்ப்பதானால் டிசி தரமாட்டோம்’ என்று ஒரு பள்ளி முறைப்பதைப் போலத்தான் இதுவும்.

தடை என்றால் போகவே முடியாது என்று பலர் நினைத்தார்கள். போக முடிந்தது, முதல் வருடம் உதவித்தொகை மட்டும் கிடைக்கவில்லை. உட்டாஃப் அதே பிக் டென்னில் இருக்கும் அயோவா பல்கலைக்கழகத்தில்தான் சொந்தச் செலவில் சேர்ந்தார்.