கீமோவுக்கு முன் தரும் வாந்தி மாத்திரைகள் பாதுகாப்பானவையா?

டர்பன் சாட்ஸ்வொர்த்திலிருந்து கேட்டிருக்கிறீர்கள்: அம்மாவுக்கு சிஸ்பிளாட்டின் என்ற புற்றுநோய் மருந்தில் கீமோ, கூடவே எழுதித் தந்த வாந்தி மாத்திரைகளை நம்பிக் கொடுக்கலாமா என்று. தாராளமாகக் கொடுங்கள். வாந்தி வரட்டும் என்று காத்திருக்காமல், டாக்டர் சொன்ன நேரத்தில், முன்கூட்டியே கொடுங்கள்.

கீமோ மருந்து பட்டதும் குடல் செரட்டோனின் என்ற ரசாயனத்தைக் கொட்டுகிறது. அது நரம்பு வழியாக மூளையைத் தூண்டித்தான் வாந்தி வருகிறது. ஒண்டான்செட்ரான் என்ற வாந்தி மருந்து அந்த வழியை அடைக்கிறது. முதல் நாள் நன்றாகவே கேட்கும். ஆனால் சிஸ்பிளாட்டினின் குமட்டல் இரண்டாம், மூன்றாம் நாளில் மறுபடி கிளம்பும். அதற்குத்தான் அப்ரெபிடன்ட் என்ற இன்னொரு வாந்தி மருந்தும், டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும். "அம்மா தெம்பாத்தானே இருக்காங்க" என்று அவற்றை நிறுத்திவிடாதீர்கள், தயவுசெய்து.

மலச்சிக்கலும் தலைவலியும் சகஜம். அதிக அளவில் ஒண்டான்செட்ரான் இதயத் துடிப்பின் ஒழுங்கைக் குலைக்கலாம். அதனால்தான் 2012இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, ரத்த நாளத்தில் போடும் ஊசியில் ஒரே தடவை 16 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்றது. அம்மாவுக்கு இதய நோயோ பொட்டாசியம் குறைவோ இருந்தால் முதலிலேயே டாக்டரிடம் சொல்லுங்கள்.

என் பெரிய கவலை சர்க்கரை. டெக்ஸாமெத்தசோன் அதை விறுவிறுவென ஏற்றும். நம்மவர்களிடம் நீரிழிவு அதிகம்; அந்த நாட்களில் விரலில் குத்திப் பார்த்துக்கொண்டே இருங்கள்.

அறுவை சிகிச்சைக்குப் பின் வரும் வாந்திக்கும் இதே ஒண்டான்செட்ரான், டெக்ஸாமெத்தசோன்தான், அளவுதான் குறைவு. இஞ்சி டீ குடிக்கட்டும், ஆனால் மாத்திரைக்குப் பதிலாக அல்ல. குடித்த தண்ணீர்கூட வயிற்றில் தங்கவில்லை என்றால் அடுத்த கிளினிக் தேதிவரை காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.