குறைந்த செலவில் பழைய மினி பைக்: வாசகர் கேள்வி–பதில்

கேள்வி: உறவினர் வீட்டுக் கொட்டகையில் இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கிடந்த ஒரு மினி பைக் எனக்குக் கிடைத்திருக்கிறது. வளைத்த குழாயால் ஆன சட்டம், தடித்த சிறிய டயர்கள், கயிற்றை இழுத்து ஸ்டார்ட் செய்யும் எஞ்சின். செலவுக்குக் கையில் இருப்பது சொற்பம். பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டர், நெருப்புக்கு மின்சாரம் தரும் காயில், நெருப்பு கிளப்பும் பிளக் எல்லாவற்றையும் புதிதாக வாங்கி மாட்டிவிட்டு முயன்று பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். பழைய வண்டியில் பணம் கரைவது பெரும்பாலும் பழுது இன்னதென்று தெரியும் முன்பே பாகம் வாங்குவதால்தான். நீங்கள் சொல்லும் அமைப்பைப் பார்த்தால், 1960, 70களில் அமெரிக்காவில் விற்கப்பட்ட வகையாகத் தெரிகிறது. அவற்றில் பலவற்றில் டெகும்சே அல்லது பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன் எஞ்சின் இருக்கும். புல்வெட்டும் இயந்திரத்துக்கும் தண்ணீர் பம்புக்கும் செய்யப்பட்ட எளிய நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின்தான் அது. வால்வுகள் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே நிற்பதால், அதன் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றினாலே வால்வுகளும் பிஸ்டனின் தலையும் கண்ணுக்குத் தெரிந்துவிடும். மேல் உறையின் தகட்டில் அடித்திருக்கும் மாடல் எண்ணை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். பிறகு எந்தப் பாகத்தைத் தேடினாலும் அந்த எண்தான் உதவும்.

ஆசை அடங்காமல் கயிற்றை இழுத்துப் பார்ப்பதுதான் எல்லோரும் செய்யும் முதல் தவறு. துருப்பிடித்த சிலிண்டரில் பிஸ்டன் வளையங்கள் உரசினால், நல்ல நிலையில் இருந்த எஞ்சினையும் நாமே கெடுத்துவிடுவோம். முதலில் மேல் உறையைக் கழற்றிப் பாருங்கள். குளிரூட்டும் இதழ்களுக்கிடையில் எலி கூடு கட்டியிருப்பது மிகச் சாதாரணம். அதை எடுக்காமல் ஓட்டினால் எஞ்சின் சூடேறிச் சிக்கிக்கொள்ளும். பிறகு பிளக்கைக் கழற்றி, அந்தத் துளை வழியாக ஒரு தேக்கரண்டி எஞ்சின் எண்ணெய் விட்டு ஓர் இரவு ஊறவிட்டு, மறுநாள் எஞ்சின் தண்டின் முனையிலுள்ள கனமான சக்கரமான பிளைவீலைக் கையால் மெதுவாகச் சுற்றிப் பாருங்கள். அசையவில்லை என்றால் துரு இளக்கும் எண்ணெயை ஊற்றி, சில நாள்களுக்குத் தினமும் சிறிது சேர்த்து, பிளைவீல் நட்டில் ஸ்பேனர் மாட்டி முன்னும் பின்னுமாக மிகச் சிறிதளவு அசைத்துக்கொண்டே இருங்கள். இந்த இடத்தில் உங்களிடம் தாராளமாக இருக்க வேண்டியது பொறுமைதான். சுத்தியலை எடுத்தால் பிளைவீலின் இதழ்கள் உடைந்து, மிச்சப்படுத்த நினைத்த பணம் அங்கேயே போய்விடும்.

எஞ்சின் சுற்றத் தொடங்கியதும் பழைய எண்ணெயை வடித்துவிடுங்கள். அதில் பெட்ரோல் வாடை அடித்தால் கார்புரேட்டரின் ஊசி வால்வு கசிந்திருக்கிறது என்று பொருள். இந்த எஞ்சின்களில் பெரும்பாலானவற்றுக்கு எண்ணெய் வடிகட்டி கிடையாது. எனவே எஸ்.ஏ.இ. 30 எனக் குறியிட்ட எஞ்சின் எண்ணெயை நிரப்பி, முதல் ஒரு மணி நேரம் ஓடியதும் அதையும் மாற்றிவிடுவது நல்லது. எண்ணெய் மலிவு, எஞ்சின் மலிவில்லை.

அடுத்தது கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் எழும் அழுத்தம். பிளக் துளையைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு கயிற்றை இழுத்தால், விரலை எழுப்பித் தள்ளும் அளவுக்கு அழுத்தம் வர வேண்டும். இதற்காகக் கருவி வாங்க வேண்டாம். ஸ்டார்ட் செய்வதை எளிதாக்கப் பல எஞ்சின்களில் அழுத்தத்தைச் சிறிது கசியவிடும் ஏற்பாடு இருப்பதால், கருவி காட்டும் எண் குறைவாக வந்து உங்களை வீணாகப் பயமுறுத்தும். அழுத்தமே இல்லையென்றால் இன்னொரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுப் பாருங்கள். அதன் பிறகு அழுத்தம் கூடினால் பழுது வளையத்தில் இருக்கிறது. கூடாவிட்டால் வால்வைச் சந்தேகியுங்கள். நீண்ட நாள் நின்ற எஞ்சினில் ஒரு வால்வு திறந்தபடியே துருவில் ஒட்டிக்கொள்வது அடிக்கடி நடக்கும். ஹெட்டைக் கழற்றி, எண்ணெய் விட்டு இளக்கி, தேவையானால் தேய்ப்புப் பசையால் வால்வைத் தேய்த்து உட்கார வைத்தால் போதும். வாங்க வேண்டிய பாகம், இணைப்பில் கசிவைத் தடுக்கும் ஒரு கேஸ்கெட் மட்டுமே.

கடைசியாக ஒரு சோதனை. திறந்தவெளியில், அரைத் தேக்கரண்டி பெட்ரோலை மட்டும் பிளக் துளையில் விட்டு, பிளக்கை இறுக்கி, கயிற்றை இழுங்கள். இரண்டு மூன்று நொடிகள் உறுமிவிட்டு நின்றால் மகிழ்ச்சி அடையுங்கள். நெருப்பும் அழுத்தமும் சரியாக இருக்கின்றன, மிச்சமிருப்பது பெட்ரோல் வரும் பாதை மட்டும்தான் என்பதை உங்கள் வண்டியே சொல்லிவிட்டது.

கேள்வி: பிளக்கில் நெருப்பே வரவில்லை. காயில் போய்விட்டது, மாற்ற வேண்டும் என்கிறார் மெக்கானிக். அந்தப் பழைய காயில் கிடைப்பதும் அரிது, விலையும் அதிகம். வேறு வழி உண்டா?

பதில்: காயில் கெடலாம்தான். ஆனால் நான் பார்த்தவரையில், குற்றவாளிகளின் வரிசையில் அது கடைசியில்தான் நிற்கும். செலவே இல்லாத காரணத்திலிருந்து தொடங்குங்கள். எஞ்சினை அணைக்கும் சுவிட்சுக்குப் போகும் கம்பியைக் காயில் பக்கத்தில் கழற்றிவிட்டு மீண்டும் சோதியுங்கள். உறை உரிந்து சட்டத்தில் தொட்டுக்கொண்டிருக்கும் அந்த ஒரு கம்பி, எஞ்சினை நிரந்தரமாக அணைத்தே வைத்திருக்கும். சோதிக்கும்போது பிளக்கின் உலோகப் பகுதியை எஞ்சின் உடலோடு ஒட்டிப் பிடியுங்கள். ஆனால் பிளக் துளைக்கு அருகில் பிடிக்காதீர்கள், உள்ளிருந்து வரும் பெட்ரோல் ஆவி பற்றிக்கொள்ளும்.

அடுத்து, மின்சாரத்தைச் சரியான நேரத்தில் துண்டித்து நெருப்பை வரவைக்கும் பாயிண்ட். அது பிளைவீலுக்கு அடியில் இருக்கும். ஆண்டுக்கணக்கில் நின்றால் அதன் இரு முனைகளிலும் சாம்பல் நிறத்தில் ஒரு படலம் படியும். மின்சாரம் அதைத் தாண்டாது. பிளைவீல் நட்டைத் தளர்த்தி, இழுப்பான் கொண்டு பிளைவீலைக் கழற்றி, மிக நுண்ணிய உப்புத்தாளை அந்த முனைகளுக்கிடையில் இரண்டு முறை இழுத்துவிட்டு, பிறகு தூசி ஒட்டாதபடி சுத்தமான தாள் துண்டு ஒன்றையும் இழுத்தெடுங்கள். முனைகள் முழுவதும் விரிந்திருக்கும் நிலையில் இடைவெளி 0.5 மி.மீ. இருக்க வேண்டும். பிளக் முனையின் இடைவெளி 0.75 மி.மீ. பாயிண்ட் முனைகள் கருகிக் குழிந்திருந்தால், அவற்றைக் கருகாமல் காக்கும் கண்டன்சரையும் சேர்த்து மாற்றிவிடுங்கள். இரண்டும் விலை குறைந்த பாகங்கள்தான்.

பிளைவீலைக் கழற்றிய கையோடு, அதைத் தண்டில் பூட்டி நிறுத்தும் சிறு உலோகத் துண்டான சாவியையும் பாருங்கள். அது பாதி அறுந்து நகர்ந்திருந்தால் நெருப்பு வரும், ஆனால் தவறான நேரத்தில் வரும். கயிறு கையைப் பிடுங்குவதுபோலத் திருப்பி அடிக்கும். சாவியை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. அதைக் கவனிக்காமல் கார்புரேட்டரோடு வாரக்கணக்கில் மல்லுக்கட்டியவர்களை அறிவேன். பிளைவீலின் காந்தத்தில் படிந்த துருவைத் துடைத்துவிட்டு மீண்டும் மாட்டுங்கள். காயில் வெளியே, பிளைவீலின் விளிம்பை ஒட்டி இருக்கும் வகையானால், இரண்டுக்கும் இடையே சற்றுத் தடித்த விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகிக் காயிலை முடுக்கினால் தேவையான இடைவெளி கிடைத்துவிடும்.

இத்தனைக்குப் பிறகும் நெருப்பு இல்லையென்றால் மல்டிமீட்டரை எடுங்கள். பிளக் கம்பிக்கும் காயிலின் இரும்புக்கும் இடையில் சில ஆயிரம் ஓம் காட்டினால் சுருள் அறுபடவில்லை. எண்ணே காட்டாவிட்டால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி.

கேள்வி: காற்றைக் குறைக்கும் சோக்கைப் போட்டால் மட்டும் எஞ்சின் ஓடுகிறது, சோக்கைத் தள்ளியதும் அணைந்துவிடுகிறது. கார்புரேட்டரை மூன்று முறை சுத்தம் செய்துவிட்டேன்.

பதில்: மூன்று முறையும் ஒரே இடத்தை விட்டுவிட்டிருக்கலாம். சோக் போட்டால் மட்டும் ஓடுகிறது என்றால் பெட்ரோல் போதவில்லை, அல்லது கூடுதல் காற்று எங்கோ நுழைகிறது. பல டெகும்சே கார்புரேட்டர்களில், அடிக்கிண்ணத்தைப் பிடித்திருக்கும் நட்டுதான் பெட்ரோலை அளந்துவிடும் முதன்மை ஜெட்டும்கூட. அதன் பக்கவாட்டிலும் திருகு மறைக்கு அருகிலும் மயிரிழை போன்ற துளைகள் இருக்கும். வெறும் நட்டுதானே என்று துடைத்து வைத்துவிட்டால் பழுது அதிலேயே தங்கிவிடும். மின்கம்பியிலிருந்து எடுத்த ஒற்றைச் செம்பு இழையால் அந்தத் துளைகளைக் குத்தி எடுங்கள். எஃகு ஊசி துளையை அகலப்படுத்திவிடும். பிறகு காற்றடித்து ஒவ்வொரு வழியும் திறந்திருக்கிறதா என்று பாருங்கள், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு. மிதவையைக் காதருகே குலுக்கி, உள்ளே பெட்ரோல் தளும்பும் ஓசை கேட்டால் அதை மாற்ற வேண்டியதுதான். ஊசி உட்காரும் சிறிய ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டால், வழவழப்பான பக்கம் ஊசியை நோக்கி இருக்கட்டும். சரிசெய்யும் திருகுகள் இருந்தால் மெதுவாக முழுவதும் மூடி, ஒன்று முதல் ஒன்றரைச் சுற்று வரை திறந்து வைத்துத் தொடங்குங்கள்.

காற்று நுழையும் இடம் பெரும்பாலும் கார்புரேட்டர் எஞ்சினோடு சேரும் கேஸ்கெட். அதைக் கேஸ்கெட் தாளில் நீங்களே வெட்டிக்கொள்ளலாம்.

டேங்க்கில் துரு இருந்தால் கார்புரேட்டரை முப்பது முறை சுத்தம் செய்தாலும் பயனில்லை. வெள்ளை வினிகரை நிரப்பி ஓரிரு நாள் வைத்து, உள்ளே சில நட்டுகளைப் போட்டுக் குலுக்கிக் கொட்டுங்கள். சமையல் சோடா கரைத்த நீரால் கழுவி, உடனே உலர்த்தி, சிறிது எண்ணெய் கலந்த பெட்ரோலால் அலசிவிட வேண்டும். ஈரத்தோடு விட்டால் ஒரே நாளில் புதுத் துரு பூக்கும். டேங்க் மூடியிலுள்ள காற்றுத் துளையையும் பாருங்கள். அது அடைத்திருந்தால் வண்டி சில நிமிடங்கள் அழகாக ஓடிவிட்டு நின்றுவிடும், நீங்கள் மறுபடி கார்புரேட்டரைக் கழற்றுவீர்கள்.

கேள்வி: பழைய எஞ்சினைக் கழற்றிவிட்டு, 6.5 குதிரைத்திறன் புதிய எஞ்சினைப் பொருத்துவது மலிவு என்கிறார்கள். அதன் வேகக் கட்டுப்பாட்டுக் கருவியையும் எடுத்துவிட்டால் நன்றாகப் பறக்குமாம். செய்யலாமா?

பதில்: முதல் பாதிக்கு ஆம், இரண்டாம் பாதிக்கு இல்லை. பிஸ்டனைத் தண்டோடு இணைக்கும் கனெக்டிங் ராடு உடைந்து எஞ்சினின் உடலே ஓட்டையாகியிருந்தால், ஹோண்டா ஜி.எக்ஸ். 200 வடிவத்தைப் பின்பற்றி வரும் 196 சி.சி. எஞ்சின், பழையதைப் பழுதுபார்ப்பதைவிட மலிவாகவே முடியும். வாங்குமுன் பழைய தண்டின் விட்டத்தை அளந்துகொள்ளுங்கள். முக்கால் அங்குலம் என்றால் உங்கள் கிளட்ச் அப்படியே பொருந்தும் வாய்ப்பு அதிகம். சட்டத்தின் போல்ட் துளைகளையும், எஞ்சின் உயரம் டேங்க்கில் இடிக்குமா என்பதையும் பாருங்கள். பழைய எஞ்சினைக் காயலான் கடையில் போடாதீர்கள். மதிப்பு அறிந்தவர் நாளை வண்டியை வாங்க வந்தால் முதலில் அதைத்தான் கேட்பார்.

வேகக் கட்டுப்பாட்டுக் கருவி, எஞ்சினை நிமிடத்துக்கு ஏறத்தாழ 3,600 சுற்றுகளுக்குள் வைத்திருக்கிறது. அதை எடுத்தால் வார்ப்புப் பிளைவீலும் அலுமினியக் கனெக்டிங் ராடும் அவற்றுக்கென வகுக்காத வேகத்தில் சுழல வேண்டிவரும். ராடு உடைந்தால் எஞ்சின் போகும். பிளைவீல் சிதறினால், அது சிதறும் இடம் ஓட்டுபவரின் கால்களுக்கு நடுவில்.

கேள்வி: என்னிடம் இருப்பது ஹோண்டா இசட் 50 வகை மினி பைக். எஞ்சின் ஓடுகிறது. மிச்சமுள்ள கொஞ்சப் பணத்தில் பெயின்ட் அடிக்கட்டுமா, குரோம் பூசட்டுமா?

பதில்: இரண்டும் இப்போது வேண்டாம். 1961இல் ஜப்பானின் தாமா டெக் கேளிக்கைப் பூங்காவில் குழந்தைகள் ஓட்டுவதற்காகச் செய்த சின்ன வண்டியின் வழித்தோன்றல் அது. மங்கிய பெயின்டோடும் அழகாகத்தான் இருக்கும். பணத்தை டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள் ஆகியவற்றில் போடுங்கள். பக்கவாட்டில் வெடித்த பழைய டயர் எவ்வளவு ஆழமான பட்டையோடு இருந்தாலும் பயன்படாது. எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது இரு வால்வுகளின் இடைவெளியையும் 0.05 மி.மீ. என்று சரிசெய்துகொள்ளுங்கள், இடைவெளி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் ஒன்று போதும்.

டயர் மாற்றும்போது மட்டும் மிகுந்த கவனம் தேவை. இதன் ரிம் இரண்டு பாதிகளை நட்டால் சேர்த்தது. டயரில் காற்று இருக்கும்போது அந்த நட்டுகளைத் தளர்த்தினால் ரிம்மின் பாதி முகத்தை நோக்கி வெடித்துக் கிளம்பும். டியூப் வால்வின் உள்முள்ளையே கழற்றி, காற்று முழுவதும் இறங்கியதை டயரை அழுத்திப் பார்த்து உறுதி செய்த பிறகு ஸ்பேனரை எடுங்கள்.