பதக்கம் மட்டும் இருக்கிறது. பினாங்குத் தாத்தா எந்தப் படை என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலில் பதக்கத்தின் விளிம்பைப் பாருங்கள். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையினருக்குத் தந்தவற்றில் எண், பெயர், படைப்பிரிவு பொறித்திருக்கும். வெறுமையாக இருந்தால் உள்ளூர்த் தொண்டர் படையையும் பாருங்கள். பினாங்குக்காரர்கள் நீரிணைக் குடியேற்றத் (பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் அடங்கிய பிரிட்டிஷ் ஆட்சிப் பகுதி) தொண்டர் படையின் 3ஆம் பட்டாளம்.

பெரிய தலைவலி பெயர்தான். நம்மவர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர் அந்த இடத்தில் ஏறியிருக்கலாம். எழுத்தர் காதில் விழுந்தபடி முத்துசாமி 'மூட்டூசாமி' ஆகியிருப்பார். பிள்ளைகளின் பழைய சூராட் பெரானாக்கில் (பிறப்புச் சான்றிதழில்) உள்ள எழுத்துக்கூட்டலையும் எடுத்துக்கொண்டு, ஐந்தாறு விதமாகத் தேடுங்கள்.

காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையப் பட்டியலில் இறந்தவர்கள் மட்டுமே (1939 செப்டம்பர் 3 முதல் 1947 டிசம்பர் 31 வரை). உயிரோடு திரும்பியவரை அங்கே தேடுவது வீண். ஜப்பானியரிடம் கைதியாக இருந்திருந்தால், லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டபிள்யூ.ஓ. 345 (WO 345) என்ற தொகுப்பிலுள்ள போர்க் கைதி அட்டைகளைப் பாருங்கள்.