திருப்புமுனை எங்கே இருக்கிறது?

கேள்வி: ‘கதையின் திருப்புமுனை எது?’ என்று கேட்டால், பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் முழுக் கதையையும் எழுதி வைக்கிறாள். எப்படிச் சொல்லிக் கொடுப்பது?

பதில்: நான் பாடம் நடத்திய நாட்களிலும் இதைப் பார்த்திருக்கிறேன் அம்மா. பரபரப்பான இடம்தான் திருப்புமுனை என்று பிள்ளைகள் நினைத்துவிடுகிறார்கள். சிலப்பதிகாரம் என்றால், கண்ணகி சிலம்பை உடைக்கும் காட்சி என்று உடனே கை தூக்குவார்கள். அது உச்சம். கதை திரும்பியது வெகு முன்னால், கானல்வரி என்ற பகுதியில். கடற்கரையில் கோவலன் யாழ் மீட்டிப் பாடுகிறான். இவன் மனதில் வேறொருத்தி இருக்கிறாள் என்று மாதவி நினைக்கிறாள். தானும் வேறொருவனை நினைப்பவள் போலப் பாடுகிறாள். அவன் எழுந்து போய்விடுகிறான். அவ்வளவுதான், கத்தல்கூட இல்லை. ஆனால் இந்த இடத்தை எடுத்துவிடுங்கள், மதுரைப் பயணமே கிடையாது. மகளையும் அப்படி ஒவ்வொரு காட்சியாக எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

சரி, பாத்திரங்கள்? ‘கண்ணகி பொறுமைசாலி’ என்று ஒரே சொல்லில் எழுதி முடிக்க விடாதீர்கள். வெறுங்கையோடு திரும்பிவந்த கணவனிடம் ‘சிலம்பு இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள்’ என்றவளும் அவள்தான். மீதியிருந்த ஒற்றைச் சிலம்போடு பாண்டியன் முன் நின்று நியாயம் கேட்டவளும் அவள்தான். இந்த இரண்டு இடங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மகளை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். அப்புறம் எழுதட்டும்.