நெட்டு வரலைன்னா உடனே பாக்ஸ மாத்தாதீங்க

இந்த வாரம் வந்த கேள்வில பாதி ஆபீஸ் நெட்டு பத்திதான், அதனால எல்லாத்தையும் ஒண்ணா எடுத்துக்கிட்டேன். கடிதம் எல்லாம் நறுக்கித்தான் போட்டிருக்கேன், கோச்சுக்காதீங்க.

கேள்வி: எங்க கிளியரிங் ஆபீஸ்ல ஒரு சிஸ்டத்துல மட்டும் நெட் இல்ல. ஐபி 169.254ன்னு ஆரம்பிக்குது. சர்வீஸுக்கு வந்தவர் "ஐபி எக்ஸ்பயரி ஆயிடுச்சு மேடம், புதுசு போடணும்"னு 1,800 ரூபா வாங்கிட்டுப் போனார். மறுபடியும் அதே நம்பர் வருது. (ராயபுரம்)

பதில்: உங்கள நல்லா ஏமாத்தியிருக்காங்கம்மா. ஐபிங்கறது நெட்வொர்க்குல உங்க சிஸ்டத்தோட விலாச நம்பர், எக்ஸ்பயரி ஆக அது என்ன பால் பாக்கெட்டா? ஆபீஸ் உள்ள இருக்கற சிஸ்டத்துக்கு நம்பர் குடுக்கறது உங்க ரவுட்டர்தான், அதுக்குக் காசே கிடையாது, டைம் முடிஞ்சா தானாவே புதுப்பிச்சுக்கும். ரவுட்டர்கிட்ட கேட்டு பதிலே வரலைன்னா விண்டோஸ் தானா ஒரு 169.254 நம்பரப் போட்டுக்கும், அதாவது "எனக்கு யாரும் நம்பர் குடுக்கல"ன்னு அது சொல்லுது, அவ்ளோதான். பக்கத்து சீட்ல நல்லா வேலை செய்யற ஒயர புடுங்கி இதுல மாட்டுங்க. வந்துச்சுன்னா பழைய ஒயரோ, நெட் ஒயரெல்லாம் வந்து சேர்ற ஸ்விட்ச் பெட்டில அதோட போர்ட்டோதான் கோளாறு. உங்க ஏரியாவுல உப்புக்காத்து வேற, ஒயர் நுனி கிளிப்புக்குள்ள பின்னு பச்சை பூத்திருக்கான்னு டார்ச் அடிச்சுப் பாருங்க, புது கிளிப் அடிக்க சில்லறைக் காசுதான் ஆகும். பணம் அனுப்பின ஸ்கிரீன்ஷாட்ட அழிச்சிடாதீங்க, அந்த ஆள்கிட்ட திருப்பிக் கேளுங்க, கூச்சமே வேணாம்.

கேள்வி: மாடி குடோனுக்கு ஒரு வைஃபை ரவுட்டர் வாங்கி கீழ இருக்கற லைன்லயே சொருகினேன். அதுலேர்ந்து பில்லிங் சிஸ்டம் சிலதுல நெட் போகுது, பிரிண்டர் காணாமப் போகுது. மூணாவதா பெரிய ரவுட்டர் வாங்கட்டுமா? (எம்.சி. ரோடு, பழைய வண்ணாரப்பேட்டை)

பதில்: வாங்காதீங்க. ரெண்டு ரவுட்டரும் போட்டி போட்டு நம்பர் குடுக்குது, யார் குடுத்தது முன்னாடி வருதோ சிஸ்டம் அதைப் புடிச்சுக்கும், மாடி ரவுட்டர் குடுத்தத புடிச்ச சிஸ்டத்துக்கு வழி தெரியாது. மாடி ரவுட்டர வைஃபை மட்டும் குடுக்கற ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாத்துங்க, அது இல்லைன்னா அதுல டிஹெச்சிபிய, அதாவது நம்பர் குடுக்கற வேலைய, ஆஃப் பண்ணி அதோட சொந்த ஐபியையும் மாத்தி, ஒயர லேன் போர்ட்ல சொருகுங்க. பிரிண்டருக்கு கீழ் ரவுட்டர்லயே ஒரு நம்பர ரிசர்வ் பண்ணிடுங்க, இல்லைன்னா என்னிக்காவது யாரோட போனாவது அதே நம்பர எடுத்துக்கிட்டு திரும்ப சண்டை ஆரம்பிக்கும். இதெல்லாம் கடைக்காரர் சொல்லியிருக்கணும், ஆனா நீங்களும் எதுக்குன்னு சொல்லாமதானே வாங்கியிருக்கீங்க.

கேள்வி: பில் இல்லாம வாங்கின ஸ்விட்ச் போயிடுச்சு. வாரண்டி கேக்கலாமா?

பதில்: ஜிஎஸ்டி மிச்சம் புடிச்சீங்கல்ல, அதையும் போட்டு புதுசு வாங்குங்க. பில்லோட.

கேள்வி: 300 எம்பிபிஎஸ் பிளான். ஒயர்ல ஸ்பீடு பாத்தா 94, 95லயே நிக்குது. ஸ்விட்ச்லாம் கிகாபிட்தான். கேட்6 கேபிள் ஒரு பாக்ஸ் பாதி விலைக்குக் கெடச்சுதுன்னு போட்டோம். (தண்டையார்பேட்டை)

பதில்: பாதி விலைன்னு நீங்களே எழுதிட்டு என்கிட்ட கேக்கறீங்களே அண்ணே. அது அநேகமா தாமிரப் பூச்சு பூசின அலுமினியம், சிசிஏன்னு சொல்வாங்க. மேல கேட்6னு பளபளன்னு அச்சடிச்சிருக்கும், ஆனா கேட்6 ஸ்டாண்டர்டு கேக்கறது முழுத் தாமிரம். நாலு ஜோடி ஒயரும் ஒழுங்கா இருந்தாதான் கிகாபிட், அதாவது 1000 எம்பிபிஎஸ், ஓடும், ஒரு ஜோடி உள்ளயே ஒடிஞ்சா 100க்கு இறங்கிடும், அதான் உங்க 94. அலுமினியம் வளைச்சா சீக்கிரம் ஒடியும், ரெசிஸ்டன்ஸும் ஜாஸ்தி, அதே ஒயர்ல கேமராவுக்கு கரெண்டும் அனுப்பினா சூடாகும், தூரத்துல இருக்கற கேமரா ராத்திரி லைட் போட்டதும் ஆஃப் ஆகி ஆஃப் ஆகி வரும். வாங்கறதுக்கு முன்னாடி பாக்ஸ தூக்கிப் பாருங்க, 305 மீட்டர் பாக்ஸ் காத்து மாதிரி இருந்தாலே சந்தேகப்படணும், அப்புறம் ஒரு ஒயர பிளேடால சுரண்டுங்க, உள்ள வெள்ளையா இருந்தா வெச்சிட்டு வந்துடுங்க, சுரண்டக் கூடாதுன்னு கடைக்காரர் சொன்னா அப்பவும் வெச்சிட்டு வந்துடுங்க. பில்லுல "முழுத் தாமிரம்"னு எழுதி வாங்குங்க, எழுத மாட்டேன்னா அதுவே பதில். நானும் ஒரு பாக்ஸ் அப்படி வாங்கினவன்தான், எங்க மொட்டை மாடில துணி காயுது அதுல.

கேள்வி: நெட் கம்பெனி மாத்தினதும் வெளிய இருந்து கேமரா தெரியல. ஸ்டாட்டிக் ஐபி (மாறாத நம்பர்) வாங்கியே ஆகணுமா? (திருவொற்றியூர்)

பதில்: ரவுட்டர் செட்டிங்ஸ் உள்ள போய் வேன் ஐபி, அதாவது நெட் கம்பெனி ரவுட்டருக்குக் குடுத்த நம்பர், பாருங்க. 100.64லேர்ந்து 100.127க்குள்ள இருந்தா, ஒரே வெளி நம்பர உங்களோட சேத்து பல பேர் பங்கு போட்டுக்கறீங்க. உலகத்துக்கே பழைய வகை ஐபி சுமார் 430 கோடிதான், அதான் இந்த ஏற்பாடு, வெளிய இருந்து வர்றத உள்ள கேமராவுக்குத் திருப்பி விடற போர்ட் ஃபார்வர்டு எவ்ளோ போட்டாலும் உள்ள வராது. முதல்ல டிவிஆர் (கேமரா பதிவுப் பெட்டி) கம்பெனி ஆப்புல க்யூஆர் ஸ்கேன் பண்ணி சேத்துப் பாருங்க, பெரும்பாலும் அதுவே போதும். அப்பவும் ஸ்டாட்டிக்தான் வேணும்னா மாசக் காசா வருஷக் காசான்னு மெசேஜ்ல கேட்டு பதில் வாங்கிட்டு அப்புறம் குடுங்க.

கேள்வி: முழுத் தாமிரம்னு சொல்லி அலுமினிய கேபிள் வித்த கடைக்காரர் மேல கேஸ் போடலாமா? சின்ன டிடிபி கடை, நான் ஒருத்தன்தான். (வியாசர்பாடி)

பதில்: போடலாம். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி வியாபாரத்துக்காக வாங்கறவங்க நுகர்வோர் கிடையாது, ஆனா சொந்தமா உழைச்சு பொழைக்கறதுக்காக வாங்கினா அந்த விதிவிலக்குல நீங்க வருவீங்க. முதல்ல தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்கு போன் பண்ணி புகார் பதிவு பண்ணுங்க. மசியலைன்னா மாவட்ட நுகர்வோர் ஆணையம், வாங்கினது 5 லட்சத்துக்குள்ளன்னா கட்டணம் கிடையாது, ரெண்டு வருஷத்துக்குள்ள போட்டுடணும். சுரண்டின ஒயர் துண்டு ஒண்ண கவர்ல போட்டு பில்லோட பின் பண்ணி வெச்சுக்கங்க.