சாமி புறப்பாட்டில் நிறம் ஏன் தாறுமாறாகிறது?

கேள்வி: இரவில் அம்மன் புறப்பாட்டைப் படம் எடுக்கிறேன். ஒரு படம் ஆரஞ்சாக வருகிறது, அடுத்தடுத்து எடுத்தாலும் இன்னொன்று பச்சை அடிக்கிறது. பச்சைப் பட்டு பழுப்பாகத் தெரிகிறது. ஆட்டோ வைட் பேலன்ஸ் (விளக்கின் நிறத்தைக் கேமராவே கணித்துச் சரிசெய்வது), ஷட்டர் 1/500 நொடி. என்ன செய்யலாம்?

பதில்: முதலில் அந்த 1/500-ஐ விடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். சோடியம் தெருவிளக்கும் பழைய டியூப் லைட்டும் நொடிக்கு 100 தடவை மங்கி மங்கி எரிகின்றன. மங்கும்போது வெளிச்சத்தோடு நிறமும் மாறும். 1/500 அதில் ஒரு துண்டைத்தான் பிடிக்கிறது. எந்தத் துண்டு என்பது உங்கள் அதிர்ஷ்டம். 1/100 அல்லது 1/50 வையுங்கள். பல்லக்கு நிற்கிற நேரமாகப் பார்த்து அழுத்தினால் போதும்.

அப்புறம் ஆட்டோ. அது ஒவ்வொரு படத்துக்கும் புதிதாகக் கணக்குப் போடும். சிவப்புப் பட்டு ஃப்ரேமை நிறைத்தால் அதையே விளக்கின் நிறம் என்று எடுத்துக்கொள்ளவும் கூடும். ரா ஃபைலில் (கேமரா பதப்படுத்தாத கோப்பு, நிறத்தைப் பிறகு மாற்றலாம்) எடுங்கள், கெல்வினை (விளக்கு நிறத்தின் அளவு: எண் குறைந்தால் ஆரஞ்சு, கூடினால் நீலம்) நீங்களே வையுங்கள். சோடியம் விளக்கு 2000 கெல்வினை ஒட்டி இருக்கும். எல்இடி ஃபோகஸ் லைட் பெரும்பாலும் 5000 முதல் 6500. இரண்டும் சேர்ந்து விழும் இடத்தில் இரண்டையும் வெள்ளையாக்க முடியாது. அம்மன் முகத்தில் எது விழுகிறதோ அதற்கு வையுங்கள், தெரு ஆரஞ்சாகவே இருந்துவிட்டுப் போகட்டும். அளவு பார்க்க ஒரு கிரே கார்டு (நிறச்சாயல் இல்லாத சாம்பல் அட்டை) வைத்துக்கொள்ளுங்கள். பூசாரியின் வேட்டியை நம்ப வேண்டாம், அதில் போட்ட நீலம் கணக்கைக் கெடுத்துவிடும். மலிவான எல்இடியில் மிச்சமிருக்கும் பச்சையை எடிட்டிங் மென்பொருளில் டின்ட் ஸ்லைடரை மெஜந்தா (இளஞ்சிவப்பு-ஊதா) பக்கம் நகர்த்திக் குறைக்கலாம்.

பச்சைப் பட்டு விஷயம் வேறு. சோடியம் வெளிச்சத்தில் மஞ்சளும் ஆரஞ்சும்தான் மிகுதி. பச்சையும் நீலமும் மிகக் குறைவு. விளக்கிலேயே இல்லாத நிறத்தைத் துணி எங்கிருந்து திருப்பி அனுப்பும்? எந்த ஸ்லைடரும் அதை மீட்டுத் தராது. ஊர்வலம் எல்இடி வெளிச்சத்துக்கு வரும்வரை காத்திருங்கள். ஃபிளாஷுக்கு அனுமதி உண்டென்றால் அதன்மேல் ஆரஞ்சு ஜெல் (ஒளி ஊடுருவும் நிறத் தாள்) ஒட்டி, மென்மையாக அடியுங்கள். ஜெல் இல்லாமல் அடித்தால் சாமி நீலமாகவும் பின்னணி ஆரஞ்சாகவும் பிரிந்து நிற்கும்.

தீவட்டி வெளிச்சத்தை மட்டும் வெளுக்காதீர்கள். அந்த மஞ்சள் அங்கே இருந்தது. சிவப்புப் பட்டுக்கும் சீரியல் செட்டுக்கும் ஆர்ஜிபி ஹிஸ்டோகிராமை (சிவப்பு, பச்சை, நீலம் ஒவ்வொன்றின் வெளிச்ச அளவையும் தனித்தனியாகக் காட்டும் வரைபடம்) பாருங்கள்: சாதாரண ஹிஸ்டோகிராம் சரி என்று காட்டும்போதே சிவப்பு சேனல் வெடித்திருக்கும், மடிப்புகள் ஒரே திட்டாகிவிடும். அப்படித் தெரிந்தால் எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப் (அதாவது பாதியாக) குறையுங்கள்.