மூன்றரைப் பக்கம் மேலாளர்

கேள்வி: ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கிளைம் பிரிவில் 11 ஆண்டுகளாக வேலை செய்கிறேன். விண்ணப்பங்களைச் சரிபார்த்து மேலே அனுப்புவது என் பணி. ஆரம்பத்தில் இருந்த ஆர்வம் இப்போது துளியும் இல்லை. இரண்டு ஆண்டுகளுக்கு முன் வந்த மேலாளர் இதுவரை ஒரு நல்ல வார்த்தை சொன்னதில்லை. அவ்வப்போது ஊக்கப் பேச்சாளர்களை அழைத்து வருகிறார்கள். கைதட்டிவிட்டு வந்து உட்கார்ந்தால் மறுநாளே எல்லாம் வடிந்துவிடுகிறது. போன வாரம் மேலாளரிடம் மனம்விட்டுப் பேசினேன். "உங்கள் உற்சாகத்துக்கு நீங்கள்தான் பொறுப்பு" என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். இது நியாயமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

சொன்ன சொல் சரி. சொன்ன வாய்தான் சரியில்லை. இரண்டு ஆண்டுகளாக ஒருவர் வேலையைப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, அவர் சோர்ந்து வந்து நிற்கும்போது அந்த வாக்கியத்தைச் சொல்வது கைகழுவுவதாகும். உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் அவர் சொன்னார் என்பதற்காக அந்த வாக்கியத்தையே நீங்கள் தூக்கி எறிந்துவிட்டால் நஷ்டம் அவருக்கு இல்லை.

ஃபிரடெரிக் ஹெர்ஸ்பெர்க் என்ற அமெரிக்க உளவியலாளரும் அவருடைய குழுவினரும் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களையும் கணக்காளர்களையும் சந்தித்து, வேலையில் மிகவும் மகிழ்ந்த தருணங்களையும் வெறுத்துப்போன தருணங்களையும் சொல்லச் சொன்னார்கள். முடிவுகள் 1959இல் வெளிவந்தன. வெறுப்பைப் பற்றிப் பேசியவர்கள் நிர்வாக விதிகள், மேலதிகாரி, சம்பளம் என்று அடுக்கினார்கள். மகிழ்ச்சியைப் பற்றிப் பேசும்போது ஒன்றை வெற்றிகரமாக முடித்தது, அதற்குக் கிடைத்த அங்கீகாரம், வேலையின் சுவை, பொறுப்பு ஆகியவை வந்தன. வெறுப்பை நீக்குவதும் விருப்பத்தை உண்டாக்குவதும் வேறு வேறு என்றார் ஹெர்ஸ்பெர்க். நாளைக்கே உங்கள் மேலாளர் மாற்றலாகிப் போனாலும் எரிச்சல் தீரும், அவ்வளவுதான். ஆர்வம் தானாக வந்து நாற்காலியில் உட்காராது.

அங்கீகாரமும் அந்தப் பட்டியலில் இருக்கிறதே என்று கேட்பீர்கள். இருக்கிறது, நீங்கள் ஏங்குவதில் தவறே இல்லை. ஆனால் இந்த ஆய்வின் மீது பிற்பாடு வைக்கப்பட்ட ஒரு விமர்சனத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எனக்கு அது ஆய்வைவிடப் பிடிக்கும். நல்லது நடந்தால் 'நான்', கெட்டது நடந்தால் 'நிர்வாகம்' என்று சொல்வது மனித இயல்பு, அதனால்தான் பட்டியல்கள் இப்படிப் பிரிந்தன என்றார்கள்.

இதைப் படித்துவிட்டு உங்கள் கடிதத்தை மறுபடி எடுத்தேன். இங்கே சுருக்கித்தான் வெளியிட்டிருக்கிறோம். முழுக் கடிதம் நான்கு பக்கம். அதில் மூன்றரைப் பக்கம் மேலாளர்! மீதி அரைப் பக்கத்தில், போகிற போக்கில், ஒரு பெரியவரின் கிளைமைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய தேதியும் பில்லில் இருந்த தேதியும் ஒத்துப்போகவில்லை, அதனால் அவருடைய விண்ணப்பம் நிராகரிக்கப்பட இருந்தது. நீங்கள் மருத்துவமனைக்குத் தொலைபேசியில் பேசி, பில்லில் இருப்பது அதை அச்சிட்ட தேதி என்று கண்டுபிடித்தீர்கள். உங்களை யாரும் அதைச் செய்யச் சொல்லவில்லை. அந்த அரைப் பக்கத்தில் மேலாளர் ஓரிடத்தில்கூட வரவில்லை. நடந்தது ஏழு மாதங்களுக்கு முன்பு, இதே மேலாளரின் காலத்தில்தான். துளியும் இல்லை என்று நீங்கள் சொல்லும் ஆர்வம் அன்றைக்கு எங்கிருந்து வந்தது?

மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைக் கவனித்து, ஏமி ரெஸ்னெவ்ஸ்கியும் ஜேன் டட்டனும் 2001இல் எழுதிய ஆய்வுக் கட்டுரையின் சாரமும் இதுதான். வேலை ஒன்றே, துடைப்பம் ஒன்றே. சிலர் கொடுத்த வேலையை முடித்துவிட்டுப் போனார்கள். வேறு சிலர் நோயாளிகளிடமும் பார்க்க வந்தவர்களிடமும் நாலு வார்த்தை பேசினார்கள், குணமாவதில் தங்களுக்கும் பங்குண்டு என்று நினைத்தார்கள். நினைவிழந்து கிடப்பவர்களின் அறைகளில் சுவர்ப் படங்களை இடம் மாற்றி மாட்டிய ஒரு பணியாளரைப் பற்றி ரெஸ்னெவ்ஸ்கி சொல்லியிருக்கிறார். அந்தச் சின்ன மாற்றம் நோயாளிக்கு ஏதாவது செய்யாதா என்ற நப்பாசை. எந்த மேலாளரும் அவரிடம் அதைக் கேட்கவில்லை.

நானும் சில ஆண்டுகள் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துபவனாக இருந்தேன். அந்த வேலையில் திருத்திய ஆயிரம் பிழைகள் யார் கண்ணுக்கும் தெரியாது, விட்ட ஒன்று ஊருக்கே தெரியும். பாராட்டுக்குக் காத்திருந்து அலுத்துப்போய், எந்த எழுத்தாளர் எந்தச் சந்தியில் சறுக்குவார் என்று ஒரு பழைய காலண்டர் தாளின் பின்புறத்தில் பென்சிலால் கோடு போட்டு எண்ண ஆரம்பித்தேன். ஒரு மாதத்தில், கையெழுத்துப் பிரதியைத் தொடும்போதே எங்கே பிழை இருக்கும் என்று சொல்ல முடிந்தது. மேற்பார்வையாளர் கடைசிவரை எதுவும் சொல்லவில்லை. எனக்கு அது மறந்தே போயிருந்தது.

உங்களுக்கும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. 'ஆவணங்கள் முழுமையாக இல்லை' என்று விண்ணப்பத்தைத் திருப்பி அனுப்புகிறீர்கள் அல்லவா? எந்த ஆவணம், எங்கே வாங்குவது, எந்தத் தேதி தெரிய வேண்டும் என்று கூடுதலாக இரண்டு வரி எழுதி அனுப்புங்கள். அதற்கு யார் அனுமதியும் தேவைப்படாது என்றே நினைக்கிறேன். அப்படி அனுப்பியவற்றில் எத்தனை இரண்டாவது முறையும் குறையோடு வருகின்றன என்று ஒரு நோட்டில் குறித்து வாருங்கள். எண்ணிக்கை குறைந்தால் அது உங்கள் வேலை. குறையாவிட்டால், உங்கள் இரண்டு வரிகளில் என்ன புரியவில்லை என்று தேட வேண்டியிருக்கும். அதுவும் சுவையான வேலைதான்.

மேலாளரிடம் பாராட்டு கேட்காதீர்கள். "கடந்த மூன்று மாதங்களில் நான் பார்த்த கோப்புகளில் எது சரியாக இருந்தது, எதை வேறுமாதிரி செய்திருக்கலாம்?" என்று கேளுங்கள். நேரான கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அப்போதும் மழுப்பினால், அவரிடமிருந்து கிடைக்கக்கூடியது அவ்வளவுதான் என்று தெரிந்துவிடும். ஊக்கப் பேச்சாளரை மன்னித்துவிடுங்கள். அவரும் தம் வேலையைத்தான் செய்கிறார்.

ஒன்றை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டும். தூக்கம் கெடுகிறது, விடுமுறை எடுத்தும் களைப்பு தீரவில்லை, எதைச் செய்தாலும் உருப்படாது என்று தோன்றுகிறது என்றால் அது வேறு விஷயம். தீராத பணி அழுத்தத்தால் இப்படி ஆகும் நிலையை உலக சுகாதார நிறுவனமே 2019இல் தன் நோய் வகைப்பாட்டில் பணி சார்ந்த ஒரு நிகழ்வாகச் சேர்த்திருக்கிறது. நோட்டும் பென்சிலும் அதற்கு மருந்தாகாது, மருத்துவரைப் பாருங்கள். இரண்டு பேர் வேலையை உங்கள் ஒருவர் தலையில் கட்டியிருந்தாலும் அதை நிர்வாகத்திடம் எழுத்தில் கேளுங்கள். அதற்கெல்லாம் நீங்கள் பொறுப்பல்ல. கடிதத்தில் அப்படி எதுவும் தென்படவில்லை, ஆனாலும் சொல்லி வைக்கிறேன்.

அது போகட்டும், அந்தப் பெரியவருக்குப் பணம் கிடைத்ததா? அதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டீர்கள்.